மாற்று உடுப்பு

மோக்போ, மீன் சந்தை
2017 அக்டோபர் 10

தோசிக்,

உன் தீயணைப்பு உடுப்பைப் பாழாக்கியது நான்தான். உன் மனைவிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவளிடம் கத்தாதே.

சூசொக் பண்டிகைக்கு முன்னோர் படையல் முடிந்து எல்லோரும் படுத்திருந்தீர்கள். நெத்தலிப் பெட்டியை வைக்கலாம் என்று உன் காரின் பின்கதவைத் திறந்தேன். உள்ளே அந்தக் கோட்டும் கால்சட்டையும் சுருண்டு கிடந்தன. மேலே உன் மகள் போராவின் பொம்மை. முப்பது வருடமாகக் கருவாடு விற்கிறவள் நான், எந்த நாற்றத்துக்கும் மூக்கைப் பொத்தமாட்டேன். இதை முகர்ந்ததும் தொண்டை எரிந்தது. விறகுப் புகை அப்படி எரிக்காது. பெயிண்டும் ரப்பரும் சோபா பஞ்சும் சேர்ந்து வெந்த வாடை அது.

எனக்கு உங்கள் நிலையத்து ஜின் அண்ணனின் சாவு ஞாபகம் வந்தது. அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளே: "அந்தத் துணிய வீட்டுக்குக் கொண்டு வராதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன் அக்கா. இப்ப ரத்தத்துல புற்றுன்னு சொல்லிட்டாங்க. புகையாலதான் வந்துச்சான்னு கேட்டா ஒரு டாக்டரும் வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு."

அதனால் எடுத்துக்கொண்டு போய் சந்தை லாண்டரியில் போட்டேன். இரண்டு தடவை பிளீச்சிங். கடைசியில் லாவெண்டர் வாசனைத் திரவம், என் காசில். புதுசு மாதிரி வந்தது. நீ என்னடா என்றால் தெருவே கேட்க, "யாரு உன்ன கேட்டா? நீ கருவாட்டப் பாரு!" என்று கத்திவிட்டு, படையல் சோற்றைக்கூட எடுக்காமல் காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாய். போனையும் எடுப்பதில்லை. துணியைத் துவைத்ததற்கு இவ்வளவு கோபமா? எனக்குப் புரியவில்லை. புரியாத விஷயத்துக்கு நான் மன்னிப்புக் கேட்பதும் இல்லை.

இந்தப் பெட்டியில் கிம்ச்சியும் வறுத்த நெத்தலியும் இருக்கின்றன. டப்பாவைத் திருப்பி அனுப்பு. நல்ல டப்பா.

மால்ரே அக்கா

*

சாங்னே தீயணைப்பு நிலையம்
2017 அக்டோபர் 29

அக்கா,

டப்பா அனுப்பியிருக்கிறேன். காலியாக அனுப்பினால் அதற்கும் ஒரு கடிதம் வரும் என்று போராவின் அம்மா உள்ளே மலைக்காளான் வைத்திருக்கிறாள்.

உனக்குப் புரியாததைச் சொல்கிறேன். அந்தத் துணி தீயைத் தாங்குவதற்காகவே நெய்தது. பிளீச்சிங் பட்டால் நூல் செத்துவிடும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உள்ளே போய் ஒரு சுவாலை பட்டால் செய்தித்தாள் மாதிரி பற்றும். வாசனைத் திரவம் அதற்கு மேல், அதுவே எரியக்கூடியது. நான் பார்க்காமல் போட்டுக்கொண்டு போயிருந்தால் ஜின் அண்ணன் மாதிரி வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்காது.

ஆளுக்கு ஒரு செட்தான் எங்களுக்கு. புதுசு கேட்டு எழுதியாயிற்று. அடுத்த வருட நிதியில் வரும் என்கிறார்கள். அதுவரை கிடங்கில் கிடந்த ஜின் அண்ணனின் பழைய கோட்டுதான். முழங்கையில் அவர் போட்ட ஒட்டு அப்படியே இருக்கிறது. உன் மூக்குக்குச் சொல்கிறேன், என்னுடையதைவிட இது மோசம்.

நீ பார்த்த அந்தக் கரியை நாங்கள் அழுக்கு என்று நினைப்பதில்லை. வெளுத்த கோட்டோடு வருகிறவனைப் "புது மாப்பிள்ளை" என்பார்கள். கோட்டு எவ்வளவு கறுப்போ அவ்வளவு மதிப்பு. அது முட்டாள்தனம் என்று எனக்கும் தெரியும், நீ எழுத வேண்டாம். இப்போது நிலையத்தில் என் பெயர் லாவெண்டர். சூபோங் என்கிற பொடியன்தான் வைத்தான். "லாவெண்டர் அண்ணே, தீக்குப் போறோமா, பொண்ணு பாக்கப் போறோமா?"

கத்தியது தப்புதான். ஆனால் நீ என் மகள் முன்னால், "இதப் போட்டு இந்தப் பிள்ளையையும் கொல்லப் போறியா?" என்று கேட்டாய். அதற்குத்தான் கத்தினேன், துணிக்கு இல்லை. அவள் இப்போது நான் வந்தால் கிட்ட வருவதில்லை. குளிச்சாச்சா என்று கேட்கிறாள்.

போன் வேண்டாம். உன்னோடு போனில் பேசினால் நான் வாயே திறக்க முடியாது.

தோசிக்

*

மோக்போ
2017 டிசம்பர் 3

தோசிக்,

நான் உன் நிலையத்துக்கு வந்திருந்தேன் என்று இதற்குள் சொல்லியிருப்பார்கள். நீ தீக்குப் போயிருந்தாய். ஏழு மணி நேரப் பஸ்ஸில் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். பிளீச்சிங்கில் துவைத்தால் கெடும் என்றால், கெடாமல் துவைக்கிற மெஷினும் இருக்கத்தானே வேண்டும்? விசாரித்தேன், இருக்கிறது. புசானில் கப்பல்காரர்களுக்குத் துணி துவைத்த ஒரு கம்பெனியை மூடுகிறார்கள். பெரிய மெஷின், நல்ல நிலையில் இருக்கிறது. விலையைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டேன். உங்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிடலாம் என்று வந்தால், உங்கள் நிலைய அதிகாரி பெக் மேசை மேல் நான் வைத்த காப்பி டின்களையே தள்ளி வைக்கிறார்.

"அம்மா, இத முதல்ல எடுத்து உள்ள வச்சிருங்க. வாங்கினா எனக்கு நோட்டீஸ் வரும்."

"ஒரு டின் காப்பிக்கா?"

"யாரு குடுத்தா, எதுக்குக் குடுத்தான்னு எழுதணும். வாஷிங் மெஷினுக்கு நான் என்னன்னு எழுதுவேன்?"

"என் தம்பி உசுருக்குன்னு எழுதுங்க."

"அதுக்குக் கட்டம் இல்லம்மா படிவத்துல."

மாகாணத்துக்கு எழுதினால் குழு கூடிப் பார்க்குமாம். இந்த வருடக் குழு கூடிக் கலைந்துவிட்டதாம். மனிதர் நல்லவர்தான். வெளியே வந்து கொட்டகையைக் காட்டினார். வீட்டு மெஷின் ஒன்று நிற்கிறது. கோட்டு, போர்வை, காலுறை, தரைத்துணி எல்லாம் அதிலேயே. அதிலும் கோட்டைப் போடுவது எப்போதாவதுதானாம். போட்டுவிட்டால் காய்வதற்குள் மணி அடித்தால் என்ன செய்வது?

எனக்கு விற்கத் தெரியும், வாங்கத் தெரியும். இலவசமாகக் கொடுக்கக்கூட முடியாத இடத்தில் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்ப பஸ்ஸுக்கு நிற்கும்போது உங்கள் வண்டி வந்தது. நீ இறங்கினாய். என்னைப் பார்க்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. மாஸ்க் கழுத்தில் தொங்கியது, மூக்குக்குக் கீழே இரண்டு கறுப்புக் கோடு. மாஸ்க் இருக்கும்போது மூக்குக்குள் கரி எப்படிப் போகிறது? அதற்கு மட்டும் பதில் எழுது. நீ மெலிந்தும் இருக்கிறாய்.

அக்கா

*

சாங்னே
2018 ஜனவரி 30

அக்கா,

எரியும்போது எல்லோரும் மாஸ்க் போட்டுக்கொண்டுதான் உள்ளே போவோம். தீ அணைந்த பிறகு கிளறல் என்று ஒரு வேலை இருக்கிறது. கூரையைக் கொக்கியால் பிய்த்து, சாம்பலைப் புரட்டி, அடியில் கனன்றுகொண்டிருப்பதைத் தேடி நனைக்க வேண்டும். தீயை அணைக்க ஒரு மணி நேரம் என்றால் கிளற ஒரு ராத்திரி. சிலிண்டர் காற்று அரை மணி நேரம்கூட வராது. வண்டியில் இருப்பதே கொஞ்சம். அதைக் கிளறலில் தீர்த்துவிட்டு, அடுத்த வீட்டில் ஒருவன் உள்ளே மாட்டிக்கொண்டான் என்றால்? அதனால் கழற்றிக் கழுத்தில் விட்டுவிடுவோம். இதை யாரும் சொல்லித் தரவில்லை. யாரும் தடுத்ததும் இல்லை.

கறுப்புப் புகை போனால் ஆபத்தும் போயிற்று என்றுதான் இருபது வருடம் நினைத்தோம். இப்போது வகுப்பு எடுக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாதது அந்த நேரத்தில்தான் அதிகமாம். வேர்த்த தோல் வழியாகவும் இறங்குமாம், அதுவும் கழுத்து வழியாக. தலைத்துணியை மாற்று, அங்கேயே துடைத்துக்கொள், வந்ததும் குளி, கோட்டை வண்டிக்குள் ஏற்றாதே என்று படம் போட்டுக் காட்டினார்கள். சூபோங் கையைத் தூக்கி, "கோட்ட வண்டில ஏத்தாம வேற எதுல சார் ஏத்துறது? நடந்து வருமா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தோம். சொன்னவரும் சிரித்தார். அவரும் ஒரு காலத்தில் எங்களை மாதிரிதான்.

நீ வருவதற்கு முந்தின நாள் எரிந்தது செருப்பு அட்டைக் கிடங்கு. இரண்டு நாள் கிளறினோம். அப்படியே கோட்டோடு வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து கப் நூடுல்ஸ் தின்றோம். நீ மாசாமாசம் எனக்கு அனுப்பும் கணவாய்க் கருவாட்டைக் கரிக் கையாலேயே கிழித்துப் பங்கு வைத்தேன். எல்லோரும் உன்னை வாழ்த்தினார்கள்.

இரண்டு வாரமாகக் காய்ச்சல் விடவில்லை. பனிச் சளி என்று நினைத்தேன். ஹோஸ் சுமந்த தோளில் நீலம் பாய்ந்து மறையாமல் நின்றது. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சியோலில் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போ என்று எழுதிக் கொடுத்தார்கள். ஜின் அண்ணனுக்கும் இதே மாதிரிதான் எழுதிக் கொடுத்தார்கள்.

வராதே. வந்தால் நான் உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

தோசிக்

*

மோக்போ
2018 மார்ச் 11

தோசிக்,

வராதே என்றாய், வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ தூங்கிக்கொண்டிருந்தாய். உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி, அது போராவின் அம்மா. அவள் இடத்தை நான் கேட்கவில்லை. வாயெல்லாம் புண், பேச முடியவில்லை என்றாள். இப்போது போன் இருந்தும் பயன் இல்லை. அதனால் இதையே தொடர்கிறேன்.

என் ரத்தமும் எடுத்தார்கள். டாக்டரிடம், "என்ன செலவானாலும் சொல்லுங்க, நான் பேரம் பேசமாட்டேன்" என்றேன். இதை வாழ்க்கையில் நான் யாரிடமும் சொன்னதில்லை. "உங்க மஜ்ஜை பாதிதான் பொருந்துது. உங்களுக்கு சர்க்கரை இருக்கு, இதயமும் பலவீனமா இருக்கு. வேற ஆள் தேடுறோம்" என்றார். "பாதி பொருந்துதுன்னா அந்தப் பாதிய எடுத்துக்கோங்க டாக்டர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சந்தையில் எவன் எதைச் சொன்னாலும் அதற்கு மேலே ஒரு விலை, கீழே ஒரு விலை இருக்கும். இந்த மனிதர் ஒரு விலையும் சொல்லமாட்டேன் என்கிறார். என்ன சொல்லிப் பேச்சைத் தொடங்குவது என்றே தெரியாமல் எழுந்து வந்துவிட்டேன்.

ஒன்று மட்டும் கேள். இது வேலையால் வந்த நோய் என்று மனுக் கொடு. ஜின் வீட்டில் கொடுக்காமல் விட்டுவிட்டார்கள். நீ விடாதே.

அக்கா

*

சியோல், ஆஸ்பத்திரி
2018 செப்டம்பர் 6

அக்கா,

மனு தள்ளுபடி ஆகிவிட்டது. இன்றைக்குக் கை நடுக்கம் குறைவு, எழுதிவிடுகிறேன்.

இரண்டு பேர் இங்கேயே வந்து கேட்டார்கள்.

"பாதுகாப்பு மாஸ்க் உங்களுக்குக் குடுத்திருந்தாங்களா?"

"குடுத்தாங்க."

"எப்பவும் போட்டீங்களா?"

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். எப்போதும் போட்டேன் என்றால், அப்புறம் புகை உள்ளே போனது எப்படி என்று கேட்பார்கள். போடவில்லை என்றால் விதியை மீறியது நான். போராவின் அம்மா என் காலைக் கிள்ளினாள். நான் உள்ளதைச் சொன்னேன். எரியும்போது போட்டேன், கிளறும்போது போடவில்லை, காற்று போதாது. எழுதிக்கொண்டார்கள்.

வந்த தாளில் இரண்டும் இருக்கிறது அக்கா. நோய்க்கும் பணிக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. மேலும், மனுதாரர் கருவியை முறையாகப் பயன்படுத்தவில்லை. தொடர்பே இல்லை என்றால் நான் மாஸ்க் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன? எந்தக் கிடங்கில் எந்தப் பொருள் எவ்வளவு எரிந்தது என்றும் கேட்டிருந்தார்கள். எரிந்ததை எப்படி எடை போடுவது? அப்பா சிகரெட் பிடிப்பாரா என்றும் கேட்டார்கள். பிடித்தது ஐம்பது வருடம், செத்தது படகு கவிழ்ந்து என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

நீ மேல்முறையீடு பற்றி வக்கீலிடம் பேசியது தெரியும். இரண்டு மூன்று வருடம் ஆகும் என்றாராம். பணியால் வந்த நோய் என்றால் விடுப்பு நீளும். இப்போது சாதாரண நோய் விடுப்புதான், அது வரும் ஏப்ரலோடு முடிகிறது. அதற்குள் எழுந்து வேலைக்குப் போகாவிட்டால் என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுப்பார்கள். மஜ்ஜை முழுதாகப் பொருந்திய ஒருவர் இருந்தார். கடைசியில் வேண்டாம் என்றுவிட்டாராம். யாரையும் திட்டாதே. அவருக்கும் ஒரு அக்கா இருப்பாள்.

ஒரு வேடிக்கை. நீ பாழாக்கினாயே, அதற்குப் பதிலாகக் கேட்ட புது உடுப்பு நிலையத்துக்கு வந்துவிட்டதாம். முதுகில் என் பெயரோடு உறை பிரிக்காமல் தொங்குகிறதாம். சூபோங் படம் அனுப்பினான். மடிப்பு கலையாமல் அப்படியே புது மாப்பிள்ளை.

தோசிக்

*

சாங்னே
2018 அக்டோபர் 21

தோசிக்,

ஊர்ப் பெயரைப் பார்த்துத் திகைக்காதே. உன் நிலையத்துக்கு எதிரே கோழி வறுவல் கடை ஒன்று மூடிக் கிடந்ததே, அதை வாடகைக்கு எடுத்துவிட்டேன். மோக்போ கடையைப் பங்காளியிடம் விட்டேன். புசான் மெஷின் போன மாதக் கடைசியில் லாரியில் வந்து இறங்கியது.

பெக்கிடம் போய்ச் சொன்னேன்: "அன்பளிப்பு வாங்கினாத்தானே தப்பு? நான் லாண்டரி வச்சிருக்கேன். காசு குடுத்துத் துவைங்க." அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "சந்தை விலை வாங்கணும்மா. குறைச்சா அதுவும் அன்பளிப்புதான்" என்றார். ஒரு வியாபாரிக்கு இப்படி ஒரு நிபந்தனையை யாரும் போட்டு நான் பார்த்ததில்லை.

மெஷின் வந்தது, தண்ணீர் வந்தது, இதற்கென்றே உள்ள சோப்பும் வாங்கினேன். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், நிழலில் எப்படி உலர்த்துவது, எல்லாம் கற்றுக்கொண்டேன். இந்தத் தடவை யாருடைய உடுப்பையும் பாழாக்கமாட்டேன். ஆனால் ஒருவனும் வரவில்லை. மூன்று வாரமாகச் சும்மா நிற்கிற மெஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சூபோங்கைத் தெருவில் பிடித்துக் கேட்டேன். "உனக்கு உசுரு வெல்லமாடா, கசப்பாடா?"

"அக்கா, துவைச்சுக் காய ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாள் மணி அடிச்சா நான் பனியனோட போறதா?"

அவன் சொல்வது சரி. வருடக்கணக்கில் கொல்வதற்குப் பயந்து இன்றைக்கே சாக எவனும் வரமாட்டான். இரண்டாவது செட் வேண்டும். அதை நான் வாங்கிக் கொடுக்க முடியாது, அது அன்பளிப்பு. அரசாங்கம் கொடுக்காது, நிதி இல்லை. இவ்வளவு செலவு செய்து வந்து உட்கார்ந்த பிறகும் நான் ஒன்றுமே செய்யவில்லை.

இதை எப்படிக் கேட்பது என்று இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். கேட்டே விடுகிறேன். உறை பிரிக்காத அந்த உடுப்பு அரசாங்கத்துடையது, ஆனால் உன் பெயரில் இருக்கிறது. நீ சம்மதித்தால் மற்றவர்கள் தங்களுடையது காயும்வரை அதைப் போட்டுக்கொள்ளலாம் என்று பெக் சொல்கிறார். உனக்கு அது வேண்டும், நீ வந்து போடுவாய் என்று நினைத்தால் வேண்டாம் என்று எழுது. நான் சந்தோஷமாகக் கடையை மூடுவேன்.

அக்கா

*

சியோல்
2018 நவம்பர் 15

அக்கா,

போராவின் அம்மா எழுதுகிறாள், நான் சொல்கிறேன். கை நிற்பதில்லை.

உறையைப் பிரி. தொங்கினால் வெளிச்சம் பட்டு அந்தத் துணி வலு இழக்கும் என்று வகுப்பில் சொன்னார்கள்.

ஒன்று மட்டும். முதுகிலிருக்கும் பெயர்ப் பட்டையைக் கழற்றிவிடு. உள்ளே புகையில் முதுகைப் பார்த்துத்தான் ஆளை எண்ணுவோம். சூபோங் மாட்டிக்கொண்டு இவர்கள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், அவன் திரும்பமாட்டான்.

நான் வந்து போடுவேனா என்று கேட்டாயே. டாக்டர் மீன் கூடையை எட்டிப் பார்க்கிற பூனை மாதிரி வந்து வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகிறார். நீயே கணக்குப் போட்டுக்கொள். பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கிற அன்று உடுப்பையும் திருப்பிக் கேட்பார்கள், அது விதி. அதுவரைக்கும் நான் இழுத்துப் பிடிக்கப் பார்க்கிறேன்.

போரா இப்போது குளிச்சாச்சா என்று கேட்பதில்லையாம். அப்பா எப்போ என்று மட்டும் கேட்கிறாளாம்.

தோசிக்

*

சாங்னே
2018 டிசம்பர் 9

தோசிக்,

பட்டையைக் கழற்றிவிட்டேன். தையல் பிரிக்கச் சின்னக் கத்தரியால் ஒரு மத்தியானம் முழுக்க ஆயிற்று, துணியில் கீறல் விழக்கூடாதே. கல்லாப் பெட்டியில் மேல் தட்டில் வைத்திருக்கிறேன்.

முதலில் வந்தவன் சூபோங்தான். கோட்டை மேசையில் போட்டுவிட்டு, "லாவெண்டர் மட்டும் போட்டுராதீங்க அக்கா" என்றான். சொல்லி முடித்ததும் அவனுக்கே முகம் மாறிவிட்டது. உன் உடுப்பைப் போட்டுக்கொண்டு போனான். அவனுக்குத் தோளில் தொளதொள.

அவனுடைய கோட்டுத் தண்ணீர் மூன்று தடவையும் கறுப்பாகவே போனது. நான்காவதில் சாம்பல் நிறம். அந்தத் தண்ணீர் வடிகிற ஓட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த மெஷின் உன் முதல் வருடத்திலேயே இங்கே நின்றிருந்தால் என்று நினைத்தேன், நினைத்து என்ன. அன்றைக்கே மணி அடித்தது. பன்றிப் பண்ணை ஒன்று எரிந்தது. பெயர் இல்லாத உன் கோட்டு முதல் தடவையாகத் தீக்குப் போய் வந்தது. கிளறலில் மாஸ்க்கைக் கழற்றினாயா என்று கேட்டேன். சூபோங் தலையைக் குனிந்துகொண்டான். காற்று போதவில்லையாம்.

அதற்கு என்னிடம் மெஷின் இல்லை.

இப்போது ஒருவர் மாற்றி ஒருவர் வருகிறார்கள். நேற்று பெக்கே தன்னுடையதைக் கொண்டுவந்தார். உன் விடுப்பைப் பற்றிக் கேட்டேன். எல்லா இடத்துக்கும் எழுதிப் பார்த்துவிட்டாராம். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. அப்புறம் இரண்டு பேருமாக உட்கார்ந்து கடை வாசலில் மாட்ட ஒரு பலகை எழுதினோம். சந்தை விலையா என்று அவர் மூன்று கடைகளில் கேட்டுச் சரிபார்த்தார். நீயும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அப்படியே எழுதுகிறேன்:

கோட்டு, கால்சட்டை, கையுறை, தலைத்துணி சேர்த்து ஒரு செட் துவைக்க எட்டாயிரம் வொன். மறுநாள் கிடைக்கும். பிளீச்சிங் கிடையாது, வாசனை கிடையாது. காயும்வரை போட்டுக்கொள்ள மாற்று உடுப்பு ஒன்று உண்டு, ஒரு நேரத்தில் ஒருவருக்கு. அதற்குக் காசு வேண்டாம். ஏப்ரல் முடியும்வரை.